கடைப் பெயர் போட்ட டி-ஷர்ட், பை, கப்: விற்கத் தொடங்குமுன் ஓர் அச்சுப் பட்டறையிலிருந்து சில சொல்

துணியில் அச்சடிப்பது என் தொழில். சிறு தொழில் நடத்துகிறவர்கள் தங்கள் கடைப் பெயரோ லோகோவோ போட்ட டி-ஷர்ட், பை, தொப்பி இவற்றை விற்கலாம் என்று முடிவு செய்து என் பட்டறைக்கு வருவார்கள். சைக்கிள் பழுது பார்ப்பவர், புத்தகக் கடைக்காரர், யோகா சொல்லித்தருபவர், நாய்க்கு முடி வெட்டிவிடுபவர் என்று எல்லா வகையும் உண்டு. சிலர் சில மாதத்திலேயே மறு ஆர்டரோடு வந்து நிற்பார்கள். பலர் வருவதே இல்லை. விசாரித்தால் பெட்டி பிரிக்காமல் மூலையில் கிடக்கிறது என்பார்கள். இரண்டு தரப்புக்கும் ஒரே மை, ஒரே மேசை, ஒரே ஆள்தான் அச்சடித்தது. அப்புறம் எங்கே வித்தியாசம்? எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன். கையில் இருக்கும் கொஞ்ச முதலை இதில் போடப் போகிறவர்களுக்கு இது உதவ வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இலவசமாகக் கொடுக்கும் டி-ஷர்ட் வேறு, விற்கும் டி-ஷர்ட் வேறு. இதை முதலில் மனதில் இருத்திக்கொள்ளுங்கள். சும்மா கிடைத்த டி-ஷர்ட்டில் முதுகு முழுக்கப் பெயரும் போன் நம்பரும் இருந்தாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். தூங்கும்போது போட்டுக்கொள்வார்கள், கொஞ்ச நாளில் வண்டி துடைக்கப் போய்விடும். காசு கொடுத்து வாங்குகிறவர், 'இதைப் போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் போவேனா?' என்று மனதுக்குள் கேட்டுக்கொள்வார். ஆகவே டிசைன் கையில் வந்ததும், லோகோ இருக்கும் இடத்தைக் கையால் மறைத்துவிட்டு மீதியைப் பாருங்கள். துணி, நிறம், தையல், படம் இவை மட்டும் இருந்தாலும் வாங்கத் தோன்றுகிறதா? தோன்றினால் மேலே போகலாம். தோன்றவில்லை என்றால் அது விளம்பரத் துணி. அதற்கு விலை வைக்காமல் கொடுத்துவிடுவதே நல்லது.

1971-ல் லண்டனில் தொடங்கிய ஹார்ட் ராக் கஃபேயின் கதை இதற்குப் பொருத்தமானது. ஒரு கால்பந்து அணிக்காக அடித்த டி-ஷர்ட்டில் மீந்ததை வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கப் போய், கேட்பவர்கள் பெருகி, கடைசியில் அதுவே விற்பனைப் பொருளாக ஆகிவிட்டது என்று சொல்வார்கள். அந்த டி-ஷர்ட்டில் லோகோவுக்குக் கீழே ஊர்ப் பெயர் இருக்கும். வாங்கியவர் எந்த ஊருக்குப் போய்வந்தார் என்பதை அது சொல்லிவிடும். அதாவது, போட்டிருப்பவரைப் பற்றி அது ஏதோ ஒன்று சொல்கிறது. உங்கள் டிசைனும் அப்படி வாங்குபவரைப் பற்றிப் பேசட்டும். சைக்கிள் கடைக்காரருக்கு நான் சொன்னது இதுதான்: கடைப் பெயரைக் கழுத்துக்குப் பின்னால் சின்னதாகப் போடுங்கள், நெஞ்சில் ஒரு செயின் சக்கரத்தை அழகாக வரையுங்கள். சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு அந்தப் படம் சொந்தம்.

எந்தப் பொருளில் தொடங்குவது

எல்லோருக்கும் முதலில் டி-ஷர்ட் ஞாபகம்தான் வரும். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எஸ், எம், எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்று 5 சைஸ். மூன்று நிறம் வைத்தால் 15 வகை. ஆண், பெண் என்று தனித்தனி வெட்டு வைத்தால் 30 வகை. ஒவ்வொன்றிலும் நாலு வைத்தாலும் 120 பீஸ் ஆகிவிட்டது, வருகிறவருக்கு வேண்டிய சைஸ், வேண்டிய நிறத்தில் இருக்கும் என்று அப்போதும் உறுதி இல்லை. சிறு தொழிலில் முதல் முடங்குவது இப்படித்தான். துணிப்பைக்கு சைஸே கிடையாது. தொப்பிக்குப் பின்னால் பட்டி இருந்தால் ஒரே அளவு போதும். ஆகவே டி-ஷர்ட்தான் வேண்டும் என்று உங்கள் வாடிக்கையாளர்கள் கேட்டிருந்தால் ஒழிய, சைஸ் இல்லாத ஒரு பொருளில் தொடங்குங்கள். டி-ஷர்ட்தான் என்றால் ஒரே டிசைன், ஒரே நிறம்.

உங்கள் தொழிலோடு ஒட்டிய பொருளுக்கு எப்போதும் மவுசு உண்டு. புத்தகக் கடைக்குப் பை, யோகா வகுப்புக்குத் துண்டு, தையல் சொல்லித்தருபவருக்கு ஊசி நூல் வைக்கும் உறை. பை போடுவதாக இருந்தால் துணியைத் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். சதுர மீட்டருக்கு 140 கிராம் கனமுள்ள (140 ஜிஎஸ்எம்) துணியில் உள்ளே இருக்கும் புத்தக அட்டை வெளியே தெரியும், கனம் வைத்தால் தொய்யும். 280-க்கு மேல் உள்ள கேன்வாஸ் தானாகவே நிமிர்ந்து நிற்கும். கைப்பிடியைத் தோளில் மாட்டிப் பாருங்கள். மேல் விளிம்பிலிருந்து 25 முதல் 28 செ.மீ. உயரம் இருந்தால்தான் கை நுழைந்து தோளில் உட்காரும். கைப்பிடி பையோடு சேரும் இடத்தில் சதுரம் போட்டு நடுவில் பெருக்கல் குறி மாதிரி தைத்திருக்க வேண்டும். ஒற்றைத் தையல் போட்ட பை கொஞ்ச நாளில் அங்கேதான் பிய்யும், உங்கள் பெயரோடு பிய்யும்.

கப் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கனம் அதிகம், உடையும். அனுப்பும் செலவும் பேக்கிங் செலவும் விலையில் ஏறிவிடும். கடைக்கு வந்து கையில் வாங்கிப் போகிறவர்கள் நிறைய இருந்தால் மட்டும் கப் வையுங்கள்.

ஸ்டிக்கரை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. எனக்கு அதன்மேல் தனி மரியாதை உண்டு. மூன்று டிசைன் மனதில் இருந்தால், மூன்றையும் முதலில் வினைல் ஸ்டிக்கராக அடித்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். எது காலியாகிறதோ அதை டி-ஷர்ட்டில் ஏற்றுங்கள். டிசைன் ஓடுமா ஓடாதா என்று பார்க்க இதைவிடச் சல்லிசான வழி இல்லை.

துணி

டி-ஷர்ட் துணியின் கனத்தை ஜிஎஸ்எம் கணக்கில் சொல்வார்கள், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. 140, 150 என்றால் மெல்லியது, வெளிர் நிறத்தில் உள்ளே தெரியும். 180 எல்லாக் காலத்துக்கும் ஒத்துவரும். 220, 240 என்றால் தொளதொள வெட்டுக்கு நன்றாக விழும். சொன்ன ஜிஎஸ்எம் உண்மையா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சாம்பிள் டி-ஷர்ட்டிலிருந்து 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரமாக ஒரு துண்டு வெட்டி, நகை எடை பார்க்கும் சின்னத் தராசில் வையுங்கள். வரும் கிராமை 100-ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம். 1.8 கிராம் காட்டினால் 180. 180 என்று சொல்லிக் கொடுத்த துணி 1.55 காட்டினால் அந்த விற்பனையாளரிடம் அடுத்த பேச்சு வேண்டாம்.

இன்னொரு சாம்பிளை நீளம், அகலம் அளந்து எழுதி வைத்துக்கொண்டு துவைத்துக் காயப்போடுங்கள். பருத்தி கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். 70 செ.மீ. நீளத்தில் 5 சதவீதம் சுருங்கினாலே மூன்றரை செ.மீ. போய்விடும், கையைத் தூக்கினால் இடுப்பு தெரியும். முன்சுருக்கம் செய்த துணி என்று கேட்டு வாங்குங்கள், அதையும் துவைத்துப் பார்த்தே நம்புங்கள். துவைத்தபின் பக்கத் தையல் முன்பக்கமாகத் திரும்பி வருகிறதா என்றும் பாருங்கள். முறுக்கிக்கொள்ளும் துணியில் எவ்வளவு நல்ல பிரின்ட் போட்டாலும் அது கோணலாகத்தான் தெரியும். கழுத்துப் பட்டியை இரண்டு கையாலும் இழுத்து விடுங்கள். பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரு டி-ஷர்ட் பழசாகிவிட்டது என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது கழுத்துதான்.

எந்த முறையில் அச்சடிப்பது

இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள். பட்டறைக்காரர் தன்னிடம் இருக்கும் மெஷினுக்கு ஏற்பப் பேசுவார், அது மனித இயல்பு. ஆகவே நீங்கள் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது.

ஸ்கிரீன் பிரின்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன் தயாரிக்க வேண்டும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியில் ஒளிபட்டால் இறுகும் பூச்சைத் தடவி, உங்கள் டிசைன் இருக்கும் ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டி, தண்ணீரில் கழுவினால் டிசைன் இருக்கும் இடம் மட்டும் திறந்துகொள்ளும். அதன் வழியாக மையைத் தள்ளுகிறோம். இந்த வேலை 10 பீஸுக்கும் ஒன்றுதான், 500 பீஸுக்கும் ஒன்றுதான். அதனால்தான் எண்ணிக்கை கூடக் கூட விலை இறங்குகிறது, குறைந்த எண்ணிக்கைக்கு நாங்கள் தயங்குகிறோம். கறுப்பு, நீலம் போன்ற அடர் நிறத் துணியில் மற்ற நிறங்கள் பளிச்சென்று தெரிய, அடியில் வெள்ளை ஒரு பூச்சு தேவைப்படும். அது இன்னொரு ஸ்கிரீன். ஆகவே செலவைக் குறைக்க நினைப்பவர்கள் ஒன்று அல்லது இரண்டு நிறத்தில் வரையச் சொல்லுங்கள், துணியின் நிறத்தையே மூன்றாவது நிறமாகப் பயன்படுத்துங்கள். நல்ல டிசைனருக்கு இது போதும்.

ஸ்கிரீன் அச்சில் போடும் பிளாஸ்டிக் வகை மையான பிளாஸ்டிசால் பெரும்பாலும் 160 டிகிரி செல்சியஸ் அளவில் சூடு வாங்கினால்தான் முழுதாக இறுகும். மேல்பரப்பு காய்ந்தது போலத் தெரிந்தாலும் அடியில் பச்சையாக இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: சரக்கு ஆறியதும், பிரின்ட் இருக்கும் இடத்தை இரண்டு கட்டைவிரலாலும் மெதுவாக இழுங்கள். மை துணியோடு சேர்ந்து நீண்டு திரும்பினால் சரி. பொட்டென்று வெடித்து உள்ளே துணி தெரிந்தால் சூடு போதவில்லை. துவைக்கத் துவைக்க உதிரும்.

டிடிஎஃப் இப்போது எல்லா இடத்திலும் வந்துவிட்டது. ஒரு ஃபிலிமில் டிசைனை அடித்து, ஈரமாக இருக்கும்போதே பசைத்தூள் தூவி உருக்கி, பிறகு ஹீட் பிரஸ்ஸில் துணிமேல் அழுத்தி ஒட்டுவார்கள். எத்தனை நிறம் இருந்தாலும் ஒரே விலை, ஸ்கிரீன் செலவு இல்லை, பருத்தி, பாலியஸ்டர் எதிலும் ஒட்டும். பத்துப் பீஸ் போட்டுப் பார்க்க இதுவே ஏற்றது. ஆனால் நெஞ்சு முழுக்க அடைத்த ஒரு பெரிய சதுரமாக டிசைன் இருந்தால், அங்கே காற்று போகாது, வியர்க்கும், தொட்டால் பிளாஸ்டிக் தாள் மாதிரி இருக்கும். டிடிஎஃப்புக்கு என்று டிசைன் செய்யும்போது இடையிடையே துணி தெரியும்படி இடைவெளி விடுங்கள். கோடுகளாக, எழுத்துகளாக இருந்தால் உடம்பில் உறுத்தாது.

டிடிஜி என்பது டி-ஷர்ட்டை நேராக பிரின்டரில் வைத்து அடிப்பது. பருத்தியில்தான் நன்றாக வரும், தொட்டால் மெத்தென்று இருக்கும், போட்டோ போன்ற டிசைனுக்கு அழகு. அடர் நிறத் துணிக்கு முன்னதாக ஒரு கரைசல் தெளித்துக் காயவைக்க வேண்டும், அதைச் சரியாகச் செய்யும் இடமாகப் பாருங்கள்.

சப்ளிமேஷன் முறையில் கிட்டத்தட்ட 200 டிகிரிச் சூட்டில் மை ஆவியாகி இழைக்குள்ளேயே போய்விடும். அது பாலியஸ்டருக்கும், அதற்கென்று பூச்சு கொடுத்த கப்புக்கும்தான். வெள்ளை மை கிடையாது, ஆகவே வெளிர் நிறத்தில் மட்டும். பருத்தியில் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

தொப்பிக்கும் காலர் வைத்த டி-ஷர்ட்டுக்கும் எம்பிராய்டரி ஒரு கம்பீரம் தரும். எத்தனை தையல் விழுகிறது என்பதை வைத்து விலை, அதோடு டிசைனைத் தையலாக மாற்றித் தர ஒரு தடவைக் கட்டணம். எழுத்தின் உயரம் 5 மி.மீ.க்குக் கீழே போனால் எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நூல் உருண்டையாகத் தெரியும். தமிழ் எழுத்தில் சுழியும் புள்ளியும் இருப்பதால் இன்னும் பெரிதாகவே வைக்க வேண்டும். 'ணை', 'ழி' போன்ற எழுத்து உங்கள் பெயரில் இருந்தால் முதலில் அதை மட்டும் ஒரு துண்டுத் துணியில் தைத்துக் காட்டச் சொல்லுங்கள். மெல்லிய டி-ஷர்ட்டில் அடர்த்தியாகத் தைத்தால் துணி சுருங்கிப் பிடித்துக்கொள்ளும்.

நான் கேட்பவர்களுக்குச் சொல்லும் கணக்கு: 30 பீஸுக்குள் என்றால் டிடிஎஃப், அதற்கு மேல் ஒன்றிரண்டு நிறம் என்றால் ஸ்கிரீன்.

டிசைன் கோப்பும் அளவும்

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பிய லோகோவை வைத்துக்கொண்டு நல்ல பிரின்ட் எடுக்க முடியாது. அனுப்பும்போதே படம் சுருங்கி வரும். லோகோ வரைந்தவரிடம் எஸ்விஜி அல்லது பிடிஎஃப் வடிவில் வெக்டர் கோப்பு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதை எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. போட்டோவாகத்தான் இருக்கிறது என்றால் அச்சாகும் அளவிலேயே 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, இருக்க வேண்டும். 12 அங்குல அகல டிசைனுக்கு 3600 பிக்சல் என்று வரும்.

எந்த இடத்தில், எவ்வளவு பெரிதாக என்பதைக் கணினித் திரையில் முடிவு செய்யாதீர்கள். டிசைனை அச்சாகும் அளவிலேயே காகிதத்தில் எடுத்து, வெட்டி, ஒரு டி-ஷர்ட்டில் குண்டூசியால் குத்தி, போட்டுக்கொண்டு கண்ணாடி முன் இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். பெரியவர்களுக்கு நெஞ்சு டிசைன் 25 முதல் 28 செ.மீ. அகலம், கழுத்துப் பட்டியிலிருந்து நாலு விரல் கீழே தொடங்கினால் கண்ணுக்கு நன்றாக இருக்கும். அதற்கும் கீழே இறங்கினால் பிரின்ட் வயிற்றில் போய் உட்காரும். இடப்பக்க நெஞ்சில் போடும் சின்ன லோகோவுக்கு 8, 9 செ.மீ. போதும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. திரையில் தெரிவது வெளிச்சம், துணியில் இருப்பது மை. இரண்டும் ஒன்றாக இருக்காது. 'அந்த ஆரஞ்சு' என்று சொல்லாமல் பேன்டோன் எண்ணாகச் சொல்லுங்கள், ஒவ்வொரு நிறத்துக்கும் தனி எண் கொடுத்த பட்டியல் அது. 1963-ல் வந்த அந்த எண்முறை இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் வந்தது. எண் தெரியாவிட்டால் உங்களுக்குப் பிடித்த நிறத்தில் இருக்கும் ஒரு அட்டையோ துணித் துண்டோ கொண்டுவாருங்கள். நாங்கள் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து மை கலப்போம்.

உரிமை விஷயத்தையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். டிசைனருக்குப் பணம் கொடுத்துவிட்டதாலேயே அதை விற்பனைப் பொருளில் போடும் உரிமை வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், நாலு வரி மின்னஞ்சல் போதும். எழுத்துருவுக்கும் வணிகப் பயன்பாட்டு அனுமதி உண்டா என்று கேளுங்கள். அடுத்த நிறுவனத்தின் லோகோ, நடிகர் படம், விளையாட்டு வீரர் பெயர், கார்ட்டூன் பாத்திரம் எதையும் தொடாதீர்கள். உங்கள் சொந்தப் பெயரையே வேறொருவர் துணிவகைக்கு வணிகச் சின்னமாகப் பதிவு செய்திருக்கலாம், அச்சடிக்குமுன் தேடிப் பார்ப்பது அவசியம்.

எத்தனை, என்ன விலை

அடக்க விலையில் எல்லாச் செலவும் ஏற வேண்டும். ஒரு டி-ஷர்ட்டுக்கு அடக்கம் 100 என்று வைத்துக்கொள்வோம். அதில் வெற்று டி-ஷர்ட் 50, அச்சுக்கூலி 22, ஸ்கிரீன் செலவில் ஒரு பீஸின் பங்கு 8, லேபிளும் கவரும் 6, சரக்கு வந்து சேரும் செலவு 6, கார்டு அல்லது ஆன்லைன் கட்டணக் கமிஷன் 5, வீணாகும் பீஸுக்கு 3. முதல் இரண்டையும் கூட்டி 72 என்று அடக்கம் சொல்பவர்கள்தான் அதிகம். மீதி 28 பின்னால் வந்து கையைக் கடிக்கும். ஸ்கிரீன் பங்கு 8 என்பது 50 பீஸுக்கான கணக்கு. 20 பீஸ் மட்டும் அடித்தால் அதுவே 20 ஆகும், 100 அடித்தால் 4.

விற்பனை விலையை 200-க்கு மேல் வைக்கச் சொன்னால் சங்கடப்படுகிறார்கள், 'நம்ம ஆட்கள்தானே வாங்குகிறார்கள்' என்று 150 போடுகிறார்கள். 50 பீஸுக்குப் போட்ட மூலதனம் 5000. 220-க்கு விற்றால் 23 பீஸில் போட்டது திரும்பிவிடும். 150-க்கு விற்றால் 34 பீஸ் போக வேண்டும், அதற்குள் நல்ல சைஸெல்லாம் தீர்ந்திருக்கும். அப்புறம் இன்னொரு கடைக்காரர் தன் கடையில் வைத்து விற்கிறேன் என்று வருவார், 35 சதவீதம் கேட்பார். 220-ல் அது போக 143 கைக்கு வரும். 150-ல் 97.5 தான் வரும், அடக்கமே 100. முதலிலேயே குறைத்து வைத்த விலையை யாரும் பின்னால் ஏற்ற விடமாட்டார்கள். கொடுக்கும் பொருள் நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கை இருந்தால் விலை சொல்லக் கூச வேண்டியதில்லை. அந்த நம்பிக்கைக்காகத்தான் துணியைப் பற்றி மேலே அவ்வளவு சொன்னேன்.

முதல் லாட்டுக்கு 50 போதும். சைஸ் பிரிப்பு தெரியாதவர்களுக்கு எஸ் 6, எம் 14, எல் 16, எக்ஸ்எல் 10, டபுள் எக்ஸ்எல் 4 என்று தொடங்கச் சொல்வேன். உங்கள் வாடிக்கையாளர் கல்லூரிப் பிள்ளைகளா, நடுத்தர வயதினரா என்பதைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். கடைக்கு வருகிறவர்களிடம் முன்கூட்டியே சைஸ் கேட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்தால் இன்னும் துல்லியம்.

அதைவிட நல்ல வழி முன்பதிவு. ஒரே ஒரு சாம்பிள் அடித்துப் போட்டுக்காட்டி, பத்து நாள் ஆர்டர் எடுத்து, முழுப் பணமும் வாங்கிக்கொண்டு அச்சுக்குக் கொடுங்கள். எந்தத் தேதிக்குள் கிடைக்கும் என்று சொல்லும்போது பட்டறைக்காரர் சொன்ன நாளோடு ஒரு வாரம் கூட்டிச் சொல்லுங்கள். வந்த ஆர்டரைவிட ஒவ்வொரு சைஸிலும் ஒன்று கூடுதலாக அடியுங்கள், பழுதான பீஸுக்கு மாற்றுக் கொடுக்க ஆகும். ஆர்டர் வந்த பிறகு ஒவ்வொன்றாக அடித்து நேரே வாடிக்கையாளருக்கு அனுப்பும் சேவைகளும் இருக்கின்றன. ஸ்டாக் வைக்க வேண்டாம், ஆனால் லாபம் மெலிந்துவிடும், துணி உங்கள் கண்ணில் படாமலேயே போகும். அந்த வழியில் போகிறவர்கள் முதல் ஆர்டரைத் தங்கள் பெயரிலேயே போட்டு, வரும் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள்.

சரக்கு வந்ததும்

பட்டறையில் முழு லாட்டும் ஓடுமுன் ஒரு பீஸ் அடித்துக் காட்டச் சொல்லி, சரி என்று எழுத்தில் சொல்லுங்கள். சரக்கு வந்ததும் அன்றைக்கே பிரித்து எண்ணுங்கள். பிரின்ட்மேல் வெள்ளைத் துணியை வைத்துத் தேய்த்தால் நிறம் ஒட்டக்கூடாது. டிடிஎஃப் என்றால் ஓரத்தை நகத்தால் நெருடிப் பாருங்கள், தூக்கக்கூடாது. ஒரு பீஸை எடுத்து உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி ஐந்து தடவை துவையுங்கள். துவைத்த பிறகு எடுத்த போட்டோவையும் வாடிக்கையாளருக்குக் காட்டலாம், அதைப் போல நம்பிக்கை தருவது எதுவும் இல்லை.

விற்பனைக்குப் போட்டோ எடுக்கும்போது தரையில் விரித்து எடுத்தது மட்டும் போதாது. இரண்டு மூன்று உடல்வாகு உள்ளவர்கள் போட்டு எடுத்து, 'உயரம் 165 செ.மீ., போட்டிருப்பது எம்' என்று கீழே எழுதுங்கள். சைஸ் பட்டியலில் நெஞ்சு அகலத்தைச் செ.மீ.யில் கொடுங்கள்: டி-ஷர்ட்டைத் தட்டையாக விரித்து, அக்குளுக்கு ஓர் அங்குலம் கீழே, ஒரு பக்கத் தையலிலிருந்து மறு பக்கத் தையல் வரை. வீட்டில் இருக்கும் நல்ல டி-ஷர்ட்டை இதே மாதிரி அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள். சைஸ் சரியில்லை என்று திரும்பி வருவது பாதியாவது குறையும்.

கடையில் மடித்துக் கவருக்குள் வைத்தால் யாரும் தொட மாட்டார்கள். ஒன்றை ஹேங்கரில் மாட்டித் தொட விடுங்கள். நீங்களும், கடையில் வேலை செய்கிறவர்களும் போட்டுக்கொள்ளுங்கள். 'இது எங்கே கிடைக்கும்?' என்று வாடிக்கையாளர் தானாகக் கேட்டால் பாதி விற்பனை முடிந்த மாதிரி.

எந்தச் சைஸ் எப்போது தீர்ந்தது என்று தேதியோடு குறித்து வாருங்கள். எல் முதல் வாரத்தில் தீர்ந்து எஸ் மட்டும் மீந்தால் டிசைனில் குறை இல்லை, பிரிப்பில்தான். மீந்த சைஸைத் தள்ளுபடியில் கொட்டி விலையைக் கெடுக்காமல், பெரிய தொகைக்கு வாங்குகிறவர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிடலாம்.

மறு ஆர்டர் கொடுக்கும் நேரம் வந்தால், துணியும் நிறமும் அதே பெயரில் இருந்தாலும் சாயம் லாட்டுக்கு லாட் கொஞ்சம் மாறும். எனவே முதல் லாட்டிலிருந்து ஒரு பீஸை விற்காமல், துவைக்காமல், வெயில் படாமல் எடுத்து வையுங்கள். அதைக் கையில் கொண்டுவந்து பட்டறை மேசையில் விரித்து, 'இதே துணி, இதே அளவு, இதே இடம்' என்று காட்டுங்கள். மை கலந்த விகிதத்தைப் பட்டறைக்காரர் குறித்து வைத்திருந்தால் அதையும் கேட்டு வாங்கி அந்தப் பீஸோடு ஊசியால் குத்தி வைத்துவிடுங்கள்.